ஒளிப்படக் கேள்வி–பதில்: ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காடு

சேலத்திலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மழைக்கால ஏற்காட்டையும் கேமரா கிளப் நடவடிக்கைகளையும் பற்றியவை. ஆகவே இந்தப் பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: எங்கள் கிளப்பில் இந்த மாதப் போட்டிக்கு ‘இலையுதிர்காலம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் படங்களில் காடு முழுவதும் மஞ்சளும் சிவப்புமாகத் தெரிகிறதே, ஏற்காட்டில் அத்தகைய நிறங்களுக்கு எங்கே போக வேண்டும்?
— வாசகி ஒருவர், அஸ்தம்பட்டி

பதில்: எங்கே போனாலும் கிடைக்காது, அவற்றைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. குளிர்நாட்டு மரங்களில் பகல் குறுகி, இரவுக் குளிர் கூடும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சையத்தால் மறைந்திருந்த மஞ்சள் நிறமி அப்போது வெளிப்படுகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி அந்தப் பருவத்தில் புதிதாகவே உருவாகிறது. சேலத்திலோ நவம்பர் நடுவிலும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. மேலும், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அந்த மாதங்கள் நம் மலைகளுக்குத் துளிர்க்கும் காலம். சேர்வராயன் மலையின் அடிவாரச் சரிவுகளில் இலை உதிர்க்கும் மரங்கள் உண்டு. ஆனால் அவை உதிர்ப்பது மழை ஓய்ந்து மண் காய்ந்த பிறகு, தை மாதத்துக்கு மேல்தான்.

சிவப்பு வேண்டுமென்றால் காப்பிச் செடியைப் பாருங்கள். நவம்பர் முதல் பழங்கள் கனியத் தொடங்குகின்றன. ஒரே கிளையில் பச்சைக் காயும், மஞ்சள் ஓடிய செங்காயும், நன்றாகச் சிவந்த பழமும் அடுத்தடுத்து நிற்பது இந்தச் சில வாரங்களில் மட்டுமே காணக்கூடிய காட்சி. மழையில் ஊறிக் கறுத்த சில்வர் ஓக் அடிமரங்கள், அவற்றில் ஏறும் மிளகுக்கொடி, பாசி படிந்த பாறை, சாலை வெட்டில் தெரியும் செம்மண் ஆகிய அனைத்தும் நனைந்திருக்கும்போதுதான் தம் முழு நிறத்தைக் காட்டும். நனைந்த இலைகளின் மேல் வானம் பிரதிபலித்து ஒரு வெள்ளைப் பூச்சாகத் தெரியும்; போலரைசர் ஃபில்டரைத் திருப்பி அதை விலக்கினால் உள்ளிருக்கும் பச்சை ஆழமாக வெளிவரும். அந்த ஃபில்டர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) வரை ஒளியை விழுங்கிவிடும் என்பதால் டிரைபாட் இல்லாமல் போகாதீர்கள்.

வெயிலின் சாய்வும் இந்தப் பருவத்தில் மாறுகிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சேலத்தில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக நிற்கும். நவம்பர் நடுவில் அது தெற்கே சாய்ந்து 60 பாகை உயரத்தோடு நின்றுவிடுவதால், கோடையில் படம் எடுக்கவே முடியாத பகல் பொழுதுகளில்கூட இப்போது மரங்களுக்கு நிழலும் பாறைகளுக்கு உருவமும் கிடைக்கின்றன. போட்டிக்கு ஒரு காப்பிக் கிளையை அனுப்புங்கள். அடுத்த ஆண்டு தலைப்பைக் ‘கார்த்திகை மழை’ என்று வைக்கும்படி கிளப் செயலாளரிடம் கேளுங்கள். நம் ஊர்ப் பருவத்தை நம் கிளப்புகளே கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

கேள்வி: மூடுபனியில் எடுக்கும் படங்கள் அழுக்குச் சாம்பல் நிறத்தில் வருகின்றன, ஆட்டோஃபோகஸும் நிலைகொள்ளாமல் தேடிக்கொண்டே இருக்கிறது. எந்த நேரத்தில், எந்த இடத்துக்குப் போவது நல்லது?
— கல்லூரி மாணவர், சூரமங்கலம்

பதில்: கேமராவின் ஒளிமானி, தன் முன் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே கணக்கிடுகிறது. வெண்மையான பனியையும் அது சாம்பலாக்கப் பார்ப்பதால்தான் படம் இருண்டு போகிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வைத்துத் தொடங்குங்கள். பனி அடர்ந்திருந்தால் இன்னும் சற்றுக் கூட்டலாம். திரையில் தெரியும் படத்தை நம்பாமல், ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்: மேடு வலப்பக்கம் நகர்ந்திருக்க வேண்டும், ஆனால் வலது ஓரச் சுவரில் முட்டி நிற்கக் கூடாது. நிறச் சாயலைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் விடியற்காலையின் மெல்லிய நீலத்தை அது குறையென்று கருதித் திருத்திவிடும். ஆகவே பகல் ஒளி அமைப்பிலேயே வைத்திருங்கள். ஃபோகஸுக்கு, பனியில் தெளிவாகத் தெரியும் ஓர் அடிமரத்தின் விளிம்பையோ மின்கம்பத்தையோ பிடித்துக்கொண்டு, பிறகு மேனுவலுக்கு மாற்றிவிடுவது நல்லது.

எதை எடுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பனியை மட்டும் எடுத்தால் வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். அருகில் கறுத்த ஒரு மரம், அதன் பின்னால் வெளிறிய மரம், அதற்கும் பின்னால் கிட்டத்தட்ட மறைந்துவிட்ட இன்னொரு மரம் என்று அடுக்கடுக்காகத் தொலைவு தெரிந்தால்தான் பார்ப்பவருக்குப் பனி புலப்படும். இதற்கு அகல லென்ஸைவிட 85 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸ் பொருத்தமானது. ஏற்காட்டைச் சுற்றி 32 கி.மீ. ஓடும் வட்டச்சாலையில் சில்வர் ஓக் வரிசைகள் இதற்கென்றே நட்டவை போல நிற்கின்றன.

ஏற்காட்டில் நாம் பனி என்று பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு நிகழ்வுகளை. மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று அசையாத இரவில் நிலம் வெப்பத்தை இழப்பதால் ஏரியின் மேலும் பள்ளங்களிலும் தேங்குவது ஒன்று. வெயில் ஏறியதும் இது கரைந்துவிடும். சமவெளியின் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாவது மற்றொன்று. சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், அந்த ஏற்றத்தில் காற்று குளிர்வதற்கு நிறைய இடம் உண்டு. அப்போது ஊரே மேகத்துக்குள் இருக்கும். பகல் முழுவதும் கலையாமலும் போகலாம். முதல் வகைக்கு நீங்கள் விடியும் முன்பே மேலே இருக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு அவசரமே இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் எடுக்கலாம்.

நவம்பர் நடுவில் சூரியன் 6.15 மணியளவில் உதிக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பனியில் நிதானமாக ஏற வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கு முன்பே அஸ்தம்பட்டியைத் தாண்டிவிடுங்கள். உதயத்துக்குக் கிழக்குப் பக்கமுள்ள பகோடா பாயின்ட்; மாலையில் லேடீஸ் சீட். அங்கிருந்து மேகம் விலகும் ஒரு சில நிமிடங்களில் சேலம் நகரம் முழுவதும் கீழே விரியும். எந்தக் காட்சிக்காகவும் வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள்; பின்னால் வருபவருக்குப் பனியில் உங்கள் வண்டி தெரியாது.

கேள்வி: எங்கள் கிளப் போட்டியில் ஓர் உறுப்பினர் ஏற்காட்டு ஏரிப் படத்தின் வெறிச்சோடிய வானத்தை எடுத்துவிட்டு, கணினியில் வேறு மேகங்களைச் சேர்த்திருந்தார். அதற்கே முதல் பரிசு கிடைத்தது. இது முறையா?
— வாசகர் ஒருவர், அம்மாப்பேட்டை

பதில்: நம் மாவட்டத்தின் ஒளிப்பட வரலாற்றிலிருந்தே இதற்குப் பதில் தொடங்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் ட்ரைப், அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ராயக்கோட்டை முதலிய இடங்களில் எடுத்த படங்கள் 1858இல் வெளியாயின. அவர் பயன்படுத்தியவை மெழுகு ஊட்டிய காகித நெகடிவ்கள். நீல ஒளி அந்தக் காகிதத்தில் மிக விரைவாகப் பதிந்துவிடும் என்பதால், நிலமும் கட்டடமும் சரியாகப் பதிவதற்குள் வானம் வெறுமையாக வெளுத்துப் போகும். ட்ரைப் தம் நெகடிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். எனவே மேகம் சேர்ப்பது கணினியோடு வந்த பழக்கமென்று சொல்ல முடியாது.

ஆனால் அவருடைய காகிதத்தால் மேகத்தைப் பதிவு செய்ய இயலவில்லை. இன்றைய கேமராவுக்கு அந்த இயலாமை இல்லை. வானத்தில் மேகம் இருந்தால் அது பதிவாகும். இல்லாததைச் சேர்க்கும்போது அது ஒரு படைப்பாகிவிடுகிறது, படைப்பாக அதை மதிக்கலாம். கேள்வி எந்தப் பிரிவில் அனுப்பினார் என்பதுதான். திறந்த பிரிவில் விதிகள் தடுக்காதவரை குற்றமில்லை. இயற்கைப் பிரிவில் இதற்கு இடமே கிடையாது: பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்க ஒளிப்படச் சங்கம், இங்கிலாந்தின் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் ஒத்துக்கொண்ட இயற்கைப் பட வரையறையின்படி, படத்தில் உள்ளதை நீக்குவதும், இல்லாததைச் சேர்ப்பதும், இடம் மாற்றுவதும் கூடாது. ஓரங்களை வெட்டலாம், சென்சார் தூசியின் புள்ளிகளை அகற்றலாம், ஒளியையும் நிறத்தையும் இயல்பு கெடாமல் சரிசெய்யலாம். கிளப்புகளின் உள்போட்டிகளில் பெரும்பாலும் இந்த வரம்பு எழுத்தில் இருப்பதில்லை. சண்டைகளெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பரிசு பெற்றவரைக் குறை சொல்வதைவிட, அடுத்த கூட்டத்தில் விதியை எழுத்தில் கொண்டுவரும்படி கேளுங்கள். பரிசுக்குத் தேர்வாகும் படத்தின் ரா கோப்பையும் (கேமரா பதிவு செய்த, திருத்தப்படாத மூலக் கோப்பு) காட்ட வேண்டும் என்ற ஒரு விதி போதும். சேர்த்ததைச் சேர்த்தேன் என்று படத்தின் கீழே எழுதும் துணிவு உள்ளவரின் வேலையை நான் மனமார ரசிப்பேன். எழுதாமல் விட்டால் பார்ப்பவரை ஏமாற்றியதாகவே கருதுவேன்.

கேள்வி: காப்பித் தோட்டங்களுக்குள் சென்று பழம் பறிப்பவர்களைப் படம் எடுக்கலாமா?
— ஓமலூர் வாசகர்

பதில்: தோட்டங்கள் தனியார் சொத்து, மேலாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். பறிக்கும் எடைக்கேற்பக் கூலி தரும் தோட்டங்களில், நீங்கள் நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுடைய வருமானம். ஆகவே வேலை நடக்கிறபடியே எடுங்கள். கூடையைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களிலும் சேர்வராயன் கோயிலிலும் கேட்ட பிறகே கேமராவை எடுக்க வேண்டும். எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி தேவை.

கேள்வி: ஏற்காட்டிலேயே குடியிருக்கிறோம். இரண்டு லென்ஸ்களுக்குள் நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. மிச்சம் உள்ளவற்றை எப்படிக் காப்பது?
— வாசகி ஒருவர், ஏற்காடு

பதில்: பூஞ்சையின் விதைத்துகள் எல்லா இடத்திலும் இருக்கிறது, காற்றின் ஈரப்பதம் நீண்ட நாள் 65 விழுக்காட்டுக்கு மேல் நின்று, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேரும்போது வளர்கிறது. அழகான தோல் உறையும் கேமராப் பையும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை என்பதால் பயணத்துக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். வீட்டில், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பதமானியும் போட்டு, அளவை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருங்கள். நீல நிற ஜெல்லில் கோபால்ட் சேர்மம் இருப்பதால் ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரி வரை சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரிப்பதால், பாதிக்கப்பட்ட லென்ஸ்களைத் தாமதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். லென்ஸைப் பயன்படுத்துவதே சிறந்த பாதுகாப்பு; வாரம் ஒருமுறையாவது வெளியே எடுங்கள்.

சேலத்திலிருந்து மேலே போய்வருபவர்களுக்கும் ஒரு சொல்: குளிர்ந்த கேமராவைச் சமவெளியின் வெதுவெதுப்பான ஈரக்காற்றில் உடனே திறந்தால் கண்ணாடியில் நீர் கோக்கும். வீடு வந்து அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள்.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கேமரா கிளப்பில் சேர்ந்தேன். என்னிடம் கைப்பேசி மட்டுமே உள்ளது. மாதப் போட்டியில் எப்போதும் குறைந்த மதிப்பெண்ணே கிடைப்பதால் விலகிவிடலாமா என்று தோன்றுகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆத்தூர்

பதில்: தயவுசெய்து விலகாதீர்கள், அம்மா. நடுவர்கள் ஒரு படத்தைச் சில நொடிகள் மட்டுமே பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். அந்த நொடிகளில் பளிச்சென்று தெரியும் படங்கள்தான் மேலே வரும். அமைதியாகப் பேசும் படங்களுக்கு அந்த முறையில் நீதி கிடைப்பது கடினம். கிளப்பின் உண்மையான பயன் சேர்ந்து செல்லும் பயணங்களிலும், அதன் பிறகு படங்களை மேசைமேல் பரப்பி வைத்துப் பேசும் மாலைகளிலும் இருக்கிறது. ஒரே ஏரிக்கரையில் ஒரே காலையில் நின்ற பலரில் ஒருவர் படகையும், இன்னொருவர் நீரில் விழுந்த கம்பத்தின் நிழலையும், வேறொருவர் தேநீர்க்கடையின் ஆவியையும் எடுத்திருப்பார். நம் கண் எங்கே போகாமல் விட்டது என்பதை அந்த மேசை காட்டிக்கொடுக்கும். உங்கள் கிளப்பில் அப்படியொரு கூட்டம் இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். ஆசிரியப் பணியில் இருந்த உங்களுக்கு அதை நடத்தும் பொறுமை நிச்சயம் இருக்கும்.

கைப்பேசி ஒரு தடையே இல்லை. அதன் சிறிய சென்சார் மங்கலான ஒளியில் நுணுக்கங்களை வழித்துவிடும் என்பதால், விடியலுக்கு முந்தைய படங்களைத் தவிர்த்து, வெளிச்சம் வந்த பிறகான பனியை எடுங்கள். கண்ணன்குறிச்சி மூக்கனேரியைப் போல எளிதில் போய்வரக்கூடிய ஓரிடத்தைத் தேர்ந்துகொண்டு, ஐப்பசி முதல் தை வரை திரும்பத் திரும்ப அங்கேயே போங்கள். நீர் ஏறுவது, பறவைகள் வருவது, ஒளி சாய்வது எல்லாம் ஒரே இடத்தில் உங்களுக்குப் பழகிவிடும். ஃபியாப் பட்டங்களுக்காக ஊர் ஊராகச் சலோன்களுக்கு, அதாவது ஒளிப்படப் போட்டிக் கண்காட்சிகளுக்கு, கட்டணம் கட்டி அனுப்புவதை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். அந்தப் பணத்தில் உங்களுக்குப் பிடித்த படங்களைப் பெரிதாக அச்சிடுங்கள்.

கேள்வி: கிளப் வெளியிடும் நாட்காட்டியில் என் படத்தைக் கேட்காமலே பயன்படுத்திவிட்டார்கள். உரிமை யாருடையது?
— செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: உங்களுடையது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணியின் பகுதியாகவோ பிறர் பணம் கொடுத்துக் கேட்டதன்பேரிலோ எடுக்காத ஒளிப்படத்துக்கு எடுத்தவரே முதல் உரிமையாளர். படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். போட்டிக்குப் படம் கொடுத்ததாலேயே உரிமை கிளப்புக்குப் போய்விடாது. ஆனால் நுழைவுப் படிவத்தில் பயன்பாட்டு அனுமதி தருவதாக ஏதேனும் வரி இருந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், உங்கள் பெயருடன், இந்த ஆண்டு நாட்காட்டிக்கு மட்டும் என்று வரையறுத்து, செயலாளரிடம் எழுத்தில் ஒப்புதல் கொடுத்து, அதன் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.