போட்டிக் காலத்துக்கு முன்: பள்ளி ரோபோ அணிகளின் கேள்விகளும் பதில்களும்

ஃபர்ஸ்ட் எனப்படும் மாணவர் ரோபோ போட்டியில் கலந்துகொள்ளும் உயர்நிலைப் பள்ளி ரோபோ அணிகளுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டியாக இருந்து வருகிறேன். சக்கர அமைப்பு, மின்னிணைப்பு, ஓட்டுநர் பயிற்சி ஆகிய மூன்றைப் பற்றியும் விரிவாகச் சொல்ல முடியும்.

கேள்வி: ஆட்டத்தின் நடுவே எங்கள் ரோபோவின் மோட்டார்கள் ஒரு நொடி நின்று, தாமாகவே மறுபடி ஓடுகின்றன. நிரலை மூன்று முறை சரிபார்த்துவிட்டோம். வேறு என்ன காரணம் இருக்க முடியும், ஐயா?

பதில்: நிரலை விட்டுவிட்டு பேட்டரியின் முனைகளைப் பாருங்கள். ரோபோ எதிரணியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது, 12 வோல்ட் ஈய அமில பேட்டரியிலிருந்து 200 ஆம்பியர் மின்சாரம் பாய்வது அரிதல்ல. இணைப்பு ஒன்று நெகிழ்ந்து 0.01 ஓம் மின்தடை கூடினால், அந்த ஓரிடத்திலேயே 2 வோல்ட் இழப்பு ஏற்படும். 400 வாட் வெப்பமாக வீணாகும். பேட்டரியின் உள்தடையால் மின்னழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருக்கும் வேளையில் இந்த இழப்பும் சேர்ந்தால், கட்டுப்பாட்டுக் கருவி தன்னைக் காத்துக்கொள்வதற்காக மோட்டார்களை நிறுத்திவிடும். அவை நின்றதும் மின்னழுத்தம் மீண்டும் ஏறும், ரோபோ ஓடத் தொடங்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதனோடு அப்படியே பொருந்துகிறது. சும்மா இருக்கும் பேட்டரி 12.7 வோல்ட் காட்டுகிறது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். சுமை ஏற்றி அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு முறை எங்கள் அணியும் இதே சிக்கலில் இரண்டு நாட்களை இழந்தது. கடைசியில் ஒரு மாணவி பேட்டரி முனையைச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த இடத்தில் மட்டும் கம்பியின் உறை பழுப்பேறியிருந்தது, போல்ட் இரண்டு விரல்களால் திருப்பும் அளவுக்கு நெகிழ்ந்திருந்தது. அதனால்தான் எல்லா அணிகளிடமும் சொல்கிறேன்: கிரிம்ப் செய்த (முனையில் உலோக இணைப்பியை நசுக்கி இறுக்கிய) ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: ரோபோவின் எடை வரம்பைவிட 2 கிலோ கூடுதலாக உள்ளது. அலுமினியச் சட்டங்களில் துளைகள் போட்டால் போதுமா?

பதில்: துளைகளால் கிராம் கணக்கில்தான் எடை குறையும். இதுவரை ஒழுங்காக வேலை செய்யாத பொறியமைப்பு எது என்று பார்த்து, அதைக் கழற்றுங்கள். துளை போடுவதாக இருந்தால், உலோகத் துகள்கள் மின்சுற்றுகளில் விழாதபடி மூடிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: கேமரா வழியாக இலக்கைக் கண்டறியும் நிரலை எப்படி எழுதுவது?

பதில்: இது என் துறை அன்று. நிரல் எழுதும் வழிகாட்டி ஒருவரைக் கேளுங்கள்.

கேள்வி: முதல் ஆண்டு அணி நாங்கள். சக்கரங்கள் தனித்தனியே திசை திரும்பும் ஸ்வெர்வ் அமைப்பா, ஆறு சக்கர அமைப்பா, எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: ஆறு சக்கரம். நடுச் சக்கரங்களை 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்த்திப் பொருத்தினால், ஒரு நேரத்தில் நான்கு சக்கரங்களே தரையைத் தொடும் என்பதால் ரோபோ எளிதாகத் திரும்பும். ஸ்வெர்வில் நான்கு சக்கரங்களில் ஒவ்வொன்றுக்கும் உருள்வதற்கு ஒன்று, திசை திரும்புவதற்கு ஒன்று என எட்டு மோட்டார்கள் தேவை. அவற்றோடு உணரிகளும் கம்பிகளும் பெருகும்.

கேள்வி: மன்னிக்கவும் ஐயா, முன்னணி அணிகள் எல்லாம் ஸ்வெர்வையே பயன்படுத்துகின்றன. புதிய மாணவர்களைப் பழைய அமைப்பிலேயே நிறுத்தி வைப்பது சரியா?

பதில்: முன்னணி அணிகள் எதைப் பயன்படுத்துகின்றன என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர்கள் அந்தந்த ஆண்டின் ஆட்ட விதிகள் வெளியாவதற்கு மாதங்கள் முன்பே ஸ்வெர்வை ஓட்டிப் பழகியவர்கள். விதிகள் வந்த பிறகு முதன்முறையாக அதைக் கட்டும் அணி, பந்தை எடுப்பதற்கும் எறிவதற்குமான பொறியமைப்புக்கு ஒதுக்க வேண்டிய நாட்களைச் சக்கரங்களுக்குச் செலவிட்டுவிடும்.

கேள்வி: நாங்கள் முதல் ஆண்டிலேயே ஸ்வெர்வ் கட்டினோம், நன்றாகவே ஓடியது.

பதில்: மகிழ்ச்சி. ஆயத்தமாகக் கிடைக்கும் சக்கரத் தொகுதிகளை முன்கூட்டியே வாங்கி, அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரும் உடனிருந்தால் அது இயலும் என்று ஒப்புக்கொள்கிறேன். மேலே நான் சொன்னதை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளலாம். இந்த இரண்டும் இல்லாத அணிக்கு என் பதில் மாறாது.

கேள்வி: ஓட்டுநரை எப்படித் தேர்ந்தெடுப்பது? மூத்த மாணவர் தனக்கே அந்த இடம் வேண்டும் என்கிறார்.

பதில்: வகுப்பைப் பார்க்காதீர்கள். ஆர்வமுள்ள எல்லோரையும் ஒரே பாதையில் ஓட்டச் சொல்லி நேரத்தைக் குறியுங்கள். பிறகு, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சத்தமாகக் கட்டளைகள் கொடுத்து, யார் தடுமாறாமல் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடமே நடக்கும்; அதற்குள் பதற்றத்தை அடக்கத் தெரிந்தவரே வேண்டும். ஃபர்ஸ்ட் போட்டியில் 2019 வரை ஆறு வாரங்களில் கட்டுமானத்தை முடித்து ரோபோவைப் பையிலிட்டு முத்திரையிட வேண்டியிருந்தது. 2020 முதல் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கூடுதலாகக் கிடைத்த நாட்களைப் புதிய பாகங்கள் சேர்க்கச் செலவழிக்காமல் ஓட்டுநருக்குக் கொடுங்கள்.

கேள்வி: மற்ற ரோபோ மோதியதும் எங்கள் ரோபோ நின்றுவிடுகிறது. நிரலில் பிழையா?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். கம்பிகளை இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: முழுதாகச் சார்ஜ் ஏற்றியும் ஆட்டத்தின் இறுதியில் ரோபோ வேகம் குறைகிறது.

பதில்: சுமை ஏற்றி அளந்தீர்களா? முனைகளின் போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்தீர்களா? இவ்விரண்டையும் செய்த பிறகு, அளந்த எண்களோடு கேளுங்கள்.

கேள்வி: பேட்டரி ஒன்று கைதவறித் தரையில் விழுந்துவிட்டது. வெளியே விரிசல் தெரியவில்லை. பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே தகடுகள் உடைந்திருக்கலாம், கந்தக அமிலம் பிறகு கசியலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து அதைத் தனியே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வையுங்கள். கசிவு தெரிந்தால் சமையல் சோடாவைத் தூவுங்கள். தொட்டியின்மேல் ‘பயன்படுத்தக் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, மறுசுழற்சிக்கு அனுப்புங்கள்.