ஓநாயும் வேட்டைக்காரரும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓநாய்களோடு சேர்ந்து வாழ வேட்டைக்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 119 ஓநாய்களைச் சுட வேட்டைக்காரர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். மூன்று நாளுக்குள் 218 செத்தன. இவர்களுக்கா பாடம்? தண்டனையைக் கூட்டுவது ஒன்றே வழி.

கீதா

அன்புள்ள கீதா,

அந்த 218 என்ற எண்ணைப் படித்தபோது எனக்கும் மனம் ஆறவில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று பாருங்கள். ஆயிரத்துக்கும் மேல் உரிமம் விற்றிருந்தார்கள். வேட்டையை நிறுத்துவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பது அங்கே அப்போதைய விதி. பனியில் தடம் பார்த்து நாய்களை விட்டுத் துரத்தினார்கள். உரிமத்தோடு சுட்டவரை எந்தச் சட்டத்தில் தண்டிப்பீர்கள்?

அதே வேட்டையில் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களுக்கு 81 ஓநாய்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவர்கள் ஒன்றைக்கூடச் சுடவில்லை. அவர்களும் மான் வேட்டையாடுகிறவர்கள்தான். ஓநாய் நமக்குச் சகோதரன் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். பாடம் என்று நான் சொன்னது இதைத்தான்.

சரி, மற்றவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? முதலில் பொய் சொல்லக் கூடாது. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் விட்டார்கள். அதன் பிறகு அங்கே வடபகுதி எல்க் மான்கள் பெருமளவு குறைந்தன. கரடி, பூமா, வறட்சி, மனித வேட்டை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு; ஓநாய்க்கும் உண்டு. அதை மறைத்தால் வேட்டைக்காரர் எழுந்து போய்விடுவார். அவருக்குக் காடு தெரியும்.

அப்புறம், ஓநாய் கொன்ற மானின் தொடை எலும்பைப் பிளந்து மேசையில் வைக்க வேண்டும். நல்ல மேய்ச்சலில் இருந்த மானின் மஜ்ஜை வெள்ளையாக, மெழுகு போலக் கெட்டியாக இருக்கும். பட்டினியில் நொந்துபோன மானுடையது சிவந்து, கொழகொழவென்று வழியும். மான் அறுத்துப் பழகிய கைக்கு அதைத் தொட்டாலே, செத்த மான் எவ்வளவு நலிந்திருந்தது என்று புரிந்துவிடும். யெல்லோஸ்டோன் பக்கம் கொல்லப்பட்ட பெண் எல்க் மான்களின் வயதைக் கணக்கெடுத்தபோது, ஓநாய் கொன்றவை சராசரியாக 14 வயதை ஒட்டி இருந்தன. வேட்டைக்காரர் சுட்டவை ஆறேழு வயது, அதாவது நன்றாகக் குட்டி போடுகிற வயது. ஓநாய் தன் பங்கைத் திருடுகிறது என்று நினைப்பவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

புதிதாகப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டியதில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பயிற்சி வகுப்பு முடித்தால்தான் வேட்டை உரிமம். மொன்டானாவில் கருங்கரடி வேட்டைக்குப் போகிறவர் அதைக் கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடியிலிருந்து பிரித்தறியும் தேர்விலும் தேற வேண்டும். கயோட்டி (ஓநாய் போலவே தோன்றும் சிறிய விலங்கு) என்று நினைத்து ஓநாயைச் சுட்டுவிட்டேன் என்ற பேச்சுக்கும் இப்படி ஒரு தேர்வு வைக்கலாமே. கயோட்டியின் காது நீண்டு கூர்மையாக இருக்கும், முகம் ஒடுங்கியிருக்கும். எடையில் ஓநாய் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. தெரிந்தே, உரிமம் இல்லாமல் சுடுகிறவருக்குத் தண்டனை வேண்டும், அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

எனக்கு மிகவும் கஷ்டமாகத் தெரிவது நாய் விஷயம்தான். விஸ்கான்சினில் ஜூலை மாதம் கரடி வேட்டை நாய்களுக்குப் பயிற்சி தொடங்குகிறது. ஓநாய்கள் குட்டிகளை ஓரிடத்தில் வைத்துக் காவல் இருக்கும் சமயமும் அதுதான். உள்ளே வருகிற நாய் அவற்றுக்கு எல்லை தாண்டி வந்த எதிரி. கொன்றுவிடும். மாநில அரசு ஒரு நாய்க்கு 2,500 டாலர் வரை இழப்பீடு தருகிறது. ஆனால் குட்டியிலிருந்து வளர்த்த நாயைத் துண்டு துண்டாகப் பார்த்தவருக்குப் பணம் எப்படி ஆறுதலாகும்? அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். நாய் செத்த இடங்களைக் குறித்து, எச்சரிக்கைப் பகுதி என்று அரசு வரைபடம் வெளியிடுகிறது. நாயை அவிழ்த்துவிடும் முன் அதைப் பாருங்கள், மண்ணில் புதுத் தடம் இருந்தால் வேறு பக்கம் போங்கள் என்று வகுப்பில் சொல்ல வேண்டியவர், அப்படி ஒரு நாயை இழந்தவரேதான். நீங்களோ நானோ சொன்னால் கேட்க மாட்டார்கள்.