இலவச மென்பொருள் நம் கணினியிலிருந்து தகவல் எடுத்தால் சாதாரண ஆளுக்கு என்ன நஷ்டம்?

‘என்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை, நான் ஏன் பயப்பட வேண்டும்’ என்று கேள்வியோடு ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்று வருடம் முன்பு வரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேலூர் காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளியூர்க்காரர்கள்தான் எங்கள் தெருவுக்கே சோறு போடுகிறவர்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் வரை. காட்பாடியில் ரயில் இறங்கி, லாட்ஜில் ரூம் போட்டு, அடுத்து எங்களைப் போன்ற கடைக்குத்தான் வருவார்கள். ஊரில் எடுத்த பழைய ரிப்போர்ட்டுகளை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டும், ஆதார் நகல் வேண்டும், திரும்பிப் போக டிக்கெட் வேண்டும். அவர்களோடு பேசிப் பேசி எனக்கும் அரைகுறை வங்காளம் வந்துவிட்டது.

பிடிஎஃப் சேர்க்க ஒரு இலவச மென்பொருள் போட்டிருந்தேன். பெயர் வேண்டாம். தேடினேன், முதலில் வந்ததை இறக்கினேன், ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அழுத்தினேன். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஒரு நாள் ரோடு தோண்டியதில் கேபிள் அறுந்து நெட் போய்விட்டது. போன் ஹாட்ஸ்பாட்டில் கடையை ஓட்டினேன். அன்றைய 2 ஜிபி பதினொரு மணிக்கே தீர்ந்தது. கடைப் பையன் வீடியோ பார்த்திருப்பான் என்று திட்டிவிட்டேன். “அண்ணா, நான் தொடவே இல்லண்ணா” என்றான். நான் நம்பவில்லை. அவனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

விண்டோஸ் செட்டிங்ஸில், நெட்வொர்க் பகுதிக்குள் ‘டேட்டா யூசேஜ்’ என்று ஒன்று இருக்கிறது. எந்த மென்பொருள் எவ்வளவு நெட் இழுத்தது என்று வரிசையாகக் காட்டும். திறந்து பார்த்தால், பிரவுசருக்கும் மேலே அந்த பிடிஎஃப் மென்பொருள். பக்கங்களைச் சேர்ப்பதற்கு நெட் எதற்கு? அதன் செட்டிங்ஸைத் துழாவினேன். கோப்புகளை ஆன்லைனில் காப்பு எடுக்கும் கட்டத்தில் டிக் இருந்தது. நான் போட்டதில்லை. அன்று இரவு அவர்களுடைய விதிமுறைகளை முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன். ‘சேவையை மேம்படுத்த’ கோப்புகளைப் பயன்படுத்தலாம் என்று இருந்தது. அதற்குச் சம்மதம் சொன்னவன் நான்தான்.

அன்று எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மேற்கு வங்காளத்துப் பர்தமானிலிருந்து வந்திருந்த ஒருவர். முந்தின நாள் மனைவியின் பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்யக் கொடுத்தார். காகிதத்தைக் கவுண்டரில் கவிழ்த்துத்தான் வைத்தார். மனைவி வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு இன்னும் விஷயம் சொல்லவில்லை. “தாதா, சத்தமாகப் படிக்காதீர்கள்” என்று கணவர் மெதுவாகச் சொன்னார். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். கட்டிய மனைவிக்கே காட்டாத காகிதத்தை எந்த நாட்டிலோ இருக்கும் ஒரு கம்பெனிக்கு நான் அனுப்பி வைத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். உங்கள் கணினியில் இருப்பது உங்களுடையது மட்டும்தானா? அப்பாவின் மருந்துச் சீட்டு, தங்கையின் ஜாதகம், வீட்டுப் பத்திரம் எல்லாம் அதில்தானே இருக்கும்?

மறுநாள் பர்தமான்காரர் வந்தபோது மறைக்காமல் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. “அழிக்க முடியுமா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கம்பெனிக்கு மூன்று மெயில் போட்டேன். ‘உங்கள் கோரிக்கை பெறப்பட்டது’ என்பதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

இலவசம் என்றாலே திருட்டு என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் தமிழ் அடிக்கப் பழகியதே இலவசமாகக் கிடைத்த இ-கலப்பையில்தான், அதை எழுதிக் கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ‘போனே எல்லாவற்றையும் எடுக்கிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன’ என்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஒரு கதவு திறந்து கிடக்கிறது என்பதற்காக இன்னொன்றையும் திறந்து போடுவோமா?

பெரிய பெயர் என்றால் பத்திரம் என்றும் இல்லை. அவாஸ்ட் வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கோடிக்கணக்கானவர்கள் இலவசமாகப் போட்டிருந்தார்கள். அவர்கள் எந்தெந்தத் தளம் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் அவாஸ்ட் விற்றது 2020 ஜனவரியில் வெளியே வந்து, ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்த மென்பொருளே செய்த வேலை இது. ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்ட உதவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளின் கதை வேறு. 2021-ல் அதில் பயன்பாட்டு விவரம் சேகரிக்கும் திட்டம் வந்தபோது, மூலநிரல் (மென்பொருள் எழுதப்பட்ட நிரல்) யாரும் படிக்கும்படி திறந்திருந்ததால் ஆட்கள் பார்த்துக் கூச்சல் போட்டார்கள், அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். மூலநிரல் திறந்த மென்பொருளைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஸ்கேனுக்கு இப்போது நாப்ஸ்2 (NAPS2) என்ற மூலநிரல் திறந்த மென்பொருளை வைத்திருக்கிறேன், அதுவும் இலவசம், கோப்பு கணினியை விட்டுப் போகாது.

நீங்கள் வீட்டுக் கணினி வைத்திருப்பவர் என்று நினைக்கிறேன். இன்றே அந்த ‘டேட்டா யூசேஜ்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். புதிதாக எதைப் போட்டாலும் ‘எக்ஸ்பிரஸ்’ வேண்டாம், ‘கஸ்டம்’ அழுத்தி ஒவ்வொரு டிக்காகப் படியுங்கள். விண்டோஸிலேயே, நாம் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று மைக்ரோசாஃப்ட்டுக்குக் கூடுதலாக அனுப்பும் ‘ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டா’ என்பதை அணைத்து வைக்கலாம், கட்டாயம் என்று வைத்திருப்பதை அணைக்க வழியில்லை.

பர்தமான்காரர் ஆறு மாதம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தார். இந்த முறை மனைவியும் கடைக்குள் வந்தார், ரிப்போர்ட் பை அவர் கையில்தான் இருந்தது. “தாதா, அந்த மிஷின் இப்போது சரியா?” என்று கணவர் கேட்டார். ஸ்கேன் செய்யும் கணினியில் நெட் ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பதைக் காட்டினேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் அந்த அம்மா பையைத் திறந்து காகிதங்களை என்னிடம் கொடுத்தார்.