அப்பத்தாவை முழுசாகப் பாடவிடுங்கள்

கேள்வி: சிவகங்கைப் பக்கம் ஊர் ஊராகப் போய், வயதான பெண்கள் பாடும் தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாம் பதிவு செய்து யூட்யூபில் போடுகிறேன். 12 நிமிடத் தாலாட்டை 200 பேர்கூடப் பார்ப்பதில்லை. நடவுப் பாட்டில் 40 விநாடியை வெட்டி, பீட் சேர்த்து ஷார்ட்ஸாகப் போட்டேன். 3 லட்சம் வியூஸ். போன வாரம் ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே, "அப்பத்தா, அந்த வேகமான இடத்தை மட்டும் பாடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. நான் தடம் மாறுகிறேனா?
- 27 வயது வாசகர்

பதில்: தம்பி, ஷார்ட்ஸ் போட்டதில் தப்பே இல்லை. அப்பத்தாவைப் பாதியில் நிறுத்தியதுதான் எனக்கும் உறுத்துகிறது.

அந்த 3 லட்சத்தை முதலில் பார்ப்போம். 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூட்யூப் அதை ஒரு வியூ என்று எண்ணுகிறது. ஒரு நொடியில் தள்ளிவிட்டுப் போனவரும் அதில் சேர்த்தி. நின்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று அந்த எண் சொல்லாது. இந்தக் கணக்கை வைத்தா உங்கள் தாலாட்டை எடை போடுவது?

கலை ஓர் அளவுக்குள் அடங்குவது புதிதில்லை. பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கிடைக்கும். கச்சேரியில் மணிக்கணக்கில் பாடியவர்கள் தட்டுக்காகச் சுருக்கிப் பாடினார்கள். மேடை ஏறியதும் மறுபடி விரித்துப் பாடினார்கள். கேட்பவர் எந்த வரியில் எழுந்து போனார் என்று அந்தத் தட்டுக்குத் தெரியாது. உங்கள் கைபேசிக்குத் தெரியும். தினமும் அதை உங்களிடம் சொல்கிறது. எது ஓடியதோ அதே மாதிரி இன்னொன்றைத் தேடவைக்கிறது. எடிட்டிங்கில் தொடங்கியது, இப்போது அப்பத்தா வீட்டுத் திண்ணைவரை வந்துவிட்டது.

யார் எங்கே எழுந்து போனார் என்று கணக்குப் பார்க்கும் அந்தச் சோதனையில் தாலாட்டு தேறாது, தேறவும் வேண்டாம். பிள்ளை கண் அயரும்வரை ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிப் பாடுவதுதான் அதன் வேலை. யார் அடித்து அழுகிறாய் என்று அத்தை, மாமன் என ஒவ்வோர் உறவாக இழுத்து வந்து கேட்க நேரம் வேண்டாமா? நடவுப் பாட்டில் ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்; வேலை நீள நீளப் பாட்டும் நீளும். 40 விநாடியில் அந்த நீளத்துக்கு இடம் ஏது?

அதனால் பதிவு வேறு, வெளியீடு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்து அவர் ஊர்க்கதை பேசினாலும் பதிவு ஓடட்டும். யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடுவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வெட்டாத பதிவை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். சேனல் போனாலும் பாட்டு போகக் கூடாது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில், நாட்டுப்புறப் பாட்டு, கதை, வழக்கங்களை ஆராயும் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது, பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று விசாரியுங்கள்.

ஷார்ட்ஸும் போடுங்கள். 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம்வரை போடலாம். வாங்கிப் பாடும் குரல்களோடு ஒரு சுற்று வைக்கலாம். முழுப் பாட்டுக்கு அதிலேயே இணைப்பும் கொடுக்கலாம். பீட் சேர்ப்பதற்கு முன்னால் பாடியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பணம் வந்தால் அதில் அவருக்கும் பங்கு கொடுங்கள்.

சரி, இந்த வாரமே அந்த அப்பத்தா வீட்டுக்குப் போங்கள். அன்றைக்கு நிறுத்திய பாட்டை முதலிலிருந்து பாடச் சொல்லிக் கேளுங்கள்.