மாட்ரிட்டுக்கு மேலே பைன் காட்டில் ஓட: முதலில் எந்தப் பாதை?

கேள்வி: வேலைக்காக மாட்ரிட் வந்து ஒரு வருடம் ஆகிறது. ரெத்திரோ பூங்காவிலும் ஆற்றோரத்திலும்தான் ஓடுகிறேன். அரை மாரத்தானை 2 மணி 10 நிமிடத்தில் முடிப்பேன். குவாதர்ராமா மலையில் டிரெயில், அதாவது காட்டு மலைப்பாதையில், ஓட ஆசை. கார் கிடையாது. ஆபீஸ் நண்பர் ஒருவர் நேராகக் குவெர்தா லார்காவுக்குப் போ என்கிறார். முதலில் எங்கே போவது? தனியாகப் போகலாமா?

பதில்: நண்பர் சொன்ன இடம் அருமையான இடம்தான், ஆனால் முதல் ஓட்டத்துக்கு அது வேண்டாம். குவெர்தா லார்கா என்பது நவசெர்ராதா கணவாயிலிருந்து கிழக்கே மோர்குவேரா கணவாய் வரை நீளும் மலைமுகடு. நடுவில் 2,381 மீட்டர் உயரத்தில் கபேசா தே இயெர்ரோ என்ற உச்சி வருகிறது. ஏறக்குறைய மொத்தப் பாதையும் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே இருப்பதால் நிழல் இல்லை, நம்பிப் போகக்கூடிய தண்ணீர் இல்லை, காற்று அடித்தால் ஒதுங்க இடமில்லை. பாதி வழியில் கால் பிசகினால் இரண்டு பக்கமும் நீண்ட இறக்கம்தான். முடிகிற இடத்தில் யாராவது காருடன் வந்து நிற்கவும் வேண்டும். இதெல்லாம் தெரிந்து போகிறவர்களுக்கு அது சொர்க்கம். நீங்கள் முதல் சில மாதம் காட்டுக்குள்ளேயே இருங்கள் என்பது என் கருத்து. குவாதர்ராமாவின் நல்ல ஓட்டப் பாதைகள் பெரும்பாலும் பைன் மரங்களுக்கு அடியில்தான் இருக்கின்றன, உச்சிகளைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் அது வெளியே தெரிவதில்லை.

ஒரு கணக்கை மட்டும் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். சாலையில் கிலோமீட்டரைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள், இங்கே ஏற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலையில் ஓடுகிறவர்கள் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டர் கூடுதல் தூரமாக எடுத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் 650 மீட்டர் ஏறும் 20 கிலோமீட்டர் பாதை, உடம்புக்கு 26, 27 கிலோமீட்டர் ஓடிய மாதிரி. அதற்கு மேல் கல்லும் வேரும் இருக்கின்றன. உங்கள் அரை மாரத்தான் நேரத்தை வைத்து மலையில் எத்தனை மணி ஆகும் என்று சொல்ல முடியாது, மூன்றரை மணி நேரம் ஒதுக்கிவிட்டுக் கிளம்புங்கள். ஏற்றத்தில் நடப்பதை அவமானமாக நினைக்க வேண்டாம், இங்கே பந்தயங்களில் ஓடுகிறவர்களே செங்குத்து வந்ததும் கைகளைத் தொடையில் ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள்.

சரி, பாதைக்கு வருவோம். முதல் இடம் செர்செதியா ஊருக்கு மேலே இருக்கும் ஃபுவென்ஃப்ரியா பள்ளத்தாக்கு. சமார்தீன் நிலையத்திலிருந்து சி-8 புறநகர் ரயில் நேராகச் செர்செதியா போகிறது, ஒன்றேகால் மணி நேரம் அளவில் ஆகும். மாட்ரிட்டின் மோங்க்ளோவா பேருந்து நிலையத்திலிருந்து 684 பேருந்தும் உண்டு. நிலையத்தில் இறங்கி 3 கிலோமீட்டர் போல மேலே போனால் லாஸ் தெஹேசாஸ் என்ற இடம், பள்ளத்தாக்கின் பார்வையாளர் மையம் அந்தப் பக்கம்தான். வார இறுதியில் காரில் வருகிறவர்கள் பார்க்கிங் கிடைக்காமல் காலையிலேயே தவிப்பார்கள், உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

லாஸ் தெஹேசாஸிலிருந்து 1,796 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபுவென்ஃப்ரியா கணவாய்க்கு இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, கல்சாதா ரோமானா என்று எல்லாரும் சொல்லும் பழைய கல்பாவிய சாலை. இன்னொன்று, 1930களில் இரண்டாம் குடியரசுக் காலத்தில் போடத் தொடங்கிய காட்டுச் சாலை, பெயரே கர்ரெத்தேரா தே லா ரெபூப்ளிகா. வண்டி ஏறுவதற்காக வெட்டிய சாலை என்பதால் சரிவு மிதமாக, வளைந்து வளைந்து போகும், இப்போது பொதுமக்களின் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பலரும் காட்டுச் சாலையில் ஓடி ஏறி, கல்சாலையில் இறங்குவார்கள். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். கல்சாலை செங்குத்து, எப்படியும் நடக்கத்தான் போகிறீர்கள், அதனால் ஏறும்போது அதில் ஏறுங்கள். இறங்கும்போது அந்தப் பெரிய உருண்டைக் கற்கள், அதுவும் மழைக்குப் பிறகு, சாலையில் ஓடிப் பழகியவர்களின் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். காட்டுச் சாலையிலோ கால் போகிற போக்கில் ஓடலாம், கண்ணை நிமிர்த்தி மரங்களையும் பார்க்கலாம். வழியில் மிராதோர் தே லா ரெய்னா என்ற காட்சிமுனை வரும். சற்று விலகிப் போனால், 1977இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் விசென்டே அலெய்சாந்த்ரே பெயரில் ஒரு காட்சிமுனையும் இருக்கிறது, பள்ளத்தாக்கு முழுவதும் அங்கிருந்து தெரியும். நிலையத்திலிருந்து நிலையம் வரை எல்லாம் சேர்த்து 20 கிலோமீட்டரை ஒட்டி வரும். வளைவுகளில் சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள், இரண்டு காதிலும் இயர்போன் வேண்டாம்.

இதை இரண்டு மூன்று முறை ஓடிப் பழகிய பிறகு ஷ்மித் பாதை, கமினோ ஷ்மித். எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த ஓட்டம் இதுதான். மலையேற்றக்காரர் எதுவார்தோ ஷ்மித்தின் பெயர் கொண்ட பாதை. நவசெர்ராதா கணவாயில், ஸ்கீ சரிவின் ஓரத்தில் தொடங்கி, சியெத்தே பிகோஸ் மலையின் வடக்குச் சரிவை ஒட்டி, வல்சயின் காட்டின் மேல்விளிம்பு வழியாகக் கொயாதோ வெந்தோசோ என்ற சிறு கணவாய்க்குப் போகிறது. அங்கிருந்து தெற்கே ஃபுவென்ஃப்ரியா பள்ளத்தாக்கில் இறங்கினால் செர்செதியா ரயில் நிலையம். தொடங்கும் நவசெர்ராதா கணவாயின் உயரம் ஏறக்குறைய 1,860 மீட்டர், செர்செதியா நிலையம் அதைவிட 700 மீட்டர் கீழே, ஆகவே மொத்தத்தில் இறக்கம்தான் அதிகம். இறக்கம் என்றதும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள், மறுநாள் படியிறங்கும்போது தொடை பதில் சொல்லும். முதல் பகுதி ஒற்றையடிப் பாதை, வேர்களும் பதிந்த கற்களும் நிறைய. அடியைக் குறுக்கி, பார்வையை இரண்டு மூன்று மீட்டர் முன்னால் வைத்து ஓடுங்கள்.

அந்தக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே நிற்பது ஸ்காட்ஸ் பைன் எனப்படும் வகை, அடிமரம் சாம்பல் நிறம், மேலே போகப் போக பட்டை ஆரஞ்சு நிறமாகும். 1761இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர் இந்தக் காட்டை அரச உடைமை ஆக்கிக்கொண்டார். காரணம், பக்கத்தில் இருக்கும் லா கிராஞ்சா ஊரின் கண்ணாடித் தொழிற்சாலைக்கு விறகு தடையில்லாமல் கிடைக்க வேண்டும். உலை எரிய வேண்டும் என்பதற்காகக் கைப்பற்றிய காடு இன்றும் அடர்த்தியாக நிற்பது ஒரு விசித்திரம்தான். மேலே கருங்கழுகுகள் வட்டமிடுவதைப் பார்க்கலாம், இந்தப் பக்கத்தில் கூடு கட்டும் பறவை அது.

நவசெர்ராதா கணவாய்க்குப் போக மோங்க்ளோவாவிலிருந்து 691 பேருந்து. செர்செதியாவிலிருந்து சி-9 என்ற குறுகிய பாதை மலை ரயிலும் உண்டு, 1923இல் தொடங்கியது, பயணமே ஒரு அனுபவம். ஆனால் புதுப்பிப்புப் பணிக்காக நீண்ட காலம் மூடிக் கிடந்த பாதை அது, அன்றைக்கு ஓடுகிறதா, இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வழிக்குறி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஷ்மித் பாதைக்குக் குறி மரங்களிலும் பாறைகளிலும் இருக்கும் மஞ்சள் வட்டம். ஃபுவென்ஃப்ரியா பள்ளத்தாக்கில் மஞ்சள் அம்புகளும் வரும், அது வேறு: மாட்ரிட்டிலிருந்து சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதையின் குறி. மஞ்சளைப் பார்த்த சந்தோஷத்தில் அம்பைப் பிடித்துக்கொண்டு போனால் கணவாயைத் தாண்டிச் செகோவியா பக்கம் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். வெள்ளை-சிவப்புக் கோடுகள் ஜி.ஆர். என்ற நெடும்பாதைகளுக்கு, வெள்ளை-மஞ்சள் கோடுகள் பி.ஆர். என்ற குறும்பாதைகளுக்கு. விக்கிலாக் போன்ற செயலியில் வரைபடத்தைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கின் அடியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதில் யாரோ ஏற்றிய பாதையெல்லாம் ஓடக்கூடிய பாதை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குறிப்பாக லா பெத்ரிசாவில், கிரானைட் பாறைக் குழப்பத்தில், பாறை ஏறுகிறவரின் தடத்தைப் பின்பற்றிப் போய் மாட்டிக்கொள்வது சுலபம்.

மூன்றாவதாக, உச்சி ஆசை அடங்காவிட்டால், சியெத்தே பிகோஸ். நவசெர்ராதா கணவாயிலிருந்து முகட்டு வழியாக ஏறி, 2,138 மீட்டர் உச்சியைத் தொட்டு, கொயாதோ வெந்தோசோவில் இறங்கி, ஷ்மித் பாதையில் திரும்பினால் ஒரு வட்டம், 10 அல்லது 11 கிலோமீட்டர்தான். பாறைக் குவியல்களுக்கு நடுவே ஓட்டத்தைவிட நடையும் கை ஊன்றுவதும்தான் அதிகம், மேகம் இறங்கினால் வழி குழம்பும், வானம் தெளிவாக இருக்கும் நாளில் மட்டும் போங்கள். அந்த முகட்டை நிதானமாகச் சமாளிக்க முடிகிறது என்று தோன்றிய பிறகு குவெர்தா லார்காவை யோசிக்கலாம். பெனியலாரா, 2,428 மீட்டர், இந்த மலைத்தொடரின் மிக உயர்ந்த இடம், போகத்தான் வேண்டும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓடுவதற்காகப் போகாதீர்கள், கூட்டத்தில் வழி கேட்டுக் கேட்டே நேரம் போய்விடும். அங்கே பாதையை விட்டு விலகுவதும் ஏரியில் குளிப்பதும் கூடாது, 2013 முதல் இது தேசியப் பூங்கா.

பருவம் என்று பார்த்தால் மே கடைசி முதல் ஜூன் வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் விடிகாலையிலேயே ஓடி முடித்துவிடுங்கள். மாட்ரிட் 35 டிகிரியில் கொதிக்கும்போது காட்டுக்குள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மதியத்துக்கு மேல் இடிமழை வரலாம், ஊற்றுகளும் அந்த மாதங்களில் வற்றலாம். ஆகவே ஒன்றரை லிட்டர் தண்ணீரை முதுகிலேயே கொண்டுபோங்கள். குளிர்காலத்தில் ஷ்மித் பாதை ஏமாற்றும்: வடக்குச் சரிவு, வெயில் படாது, மிதிபட்ட பனி கண்ணாடி மாதிரி இறுகிவிடும், சாதாரண ஷூவில் போய் வழுக்கி விழுகிறவர்கள் நிறைய. ஏமெட் என்ற வானிலைத் துறை குவாதர்ராமா மலைக்கென்றே தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது, மாட்ரிட் நகரத்துக்கான வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். குளிர்கால முடிவிலும் வசந்தத்திலும் பைன் மரங்களிலிருந்து வரிசையாக ஊர்ந்து இறங்கும் கம்பளிப்பூச்சிகளைத் தொடாதீர்கள், அவற்றின் ரோமம் பட்டால் அரிப்பும் வீக்கமும் வரும், நாய்க்கு உயிர் ஆபத்தே உண்டு. மாடுகள் பாதையில் படுத்திருந்தால் ஓட்டத்தை நிறுத்தி, சுற்றி நடந்து போங்கள், திறந்த வேலிக் கதவை மூடிவிட்டுப் போங்கள்.

ஷூவுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், அடியில் 4, 5 மில்லிமீட்டர் பல் உள்ள எந்த டிரெயில் ஷூவும் போதும். பையில் ஒரு மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை எப்போதும் இருக்கட்டும். நகரத்தைவிட 1,100, 1,200 மீட்டர் மேலே போகிறீர்கள், வெப்பநிலை 7 டிகிரி போலக் குறையும், வியர்வை நனைந்த உடம்போடு கணவாய்க் காற்றில் ஐந்து நிமிடம் நின்றால் அது ஏன் என்று புரியும்.

தனியாகப் போகலாமா என்று கேட்டீர்கள். ஃபுவென்ஃப்ரியாவுக்கு வார இறுதியில் தாராளமாகப் போகலாம், முக்கியப் பாதைகளில் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். ஷ்மித்துக்கு முதல் முறை ஒருவர் கூட இருப்பது நல்லது, வேறு காரணம் இல்லை, கால் பிசகினால் உதவிக்கு ஆள் வேண்டும். சியெத்தே பிகோஸுக்குத் தனியாகப் போகாதீர்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை வீட்டிலோ நண்பரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 112. மை112 என்ற செயலியைப் போனில் போட்டு வைத்தால், அழைக்கும்போதே உங்கள் இருப்பிடமும் அவர்களுக்குப் போய்விடும், ஸ்பானிய மொழியில் எந்த மரத்தடி என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிளம்பும் முன்பே திரும்பும் ரயிலின் நேரத்தையும் அதற்கு அடுத்த ரயிலின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் கடைசி இறக்கத்தில் கால் இடறும்.