84,000 ரூபாய் ரவுட்டர் டேபிள்: இஎம்ஐ-யில் வாங்கலாமா, நாமே செய்யலாமா?

கேள்வி: வயது 42, மேடவாக்கத்தில் சொந்த வீடு. கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவு 64,000, எஸ்ஐபி முதலீடு 5,000. எஃப்டி-யில் 1.6 லட்சம் இருக்கிறது. கார் ஷெட்டின் ஒரு ஓரத்தில் சனி, ஞாயிறுகளில் மரவேலை செய்கிறேன். பூஜை அலமாரி, ஃபோட்டோ ஃப்ரேம் மாதிரியான சிறிய பொருட்கள். வேகமாகச் சுற்றும் ‘பிட்’ (வெட்டுமுனை) கொண்டு மரத்தின் விளிம்பையும் பள்ளத்தையும் செதுக்கும் ரவுட்டர் மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன்; 1,800 வாட், பிட்டைப் பிடிக்கும் கோலெட் அரை இஞ்ச். ரவுட்டரை அடியில் தலைகீழாகப் பொருத்தும் ரெடிமேட் ரவுட்டர் டேபிளை, அதன் உயரத்தை ஏற்றி இறக்கும் லிஃப்ட், கேபினெட்டோடு 84,000 ரூபாய்க்கு 12 மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’-யில் தருகிறார்கள். வட்டிதான் இல்லையே, வாங்கிவிடலாமா? அல்லது எஃப்டி-யை உடைக்கலாமா? நானே செய்தால் எவ்வளவு ஆகும்? ஆர்டர் பிடித்துப் போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு.

பதில்: வாங்க வேண்டாம், செய்யுங்கள். எஃப்டி-யையும் தொடாதீர்கள்.

‘வட்டி இல்லை’ என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இந்தத் திட்டத்தில் கடைக்காரர் வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழிக்கிறார், வங்கி அதை உங்களிடம் வட்டியாக வசூலிக்கிறது. வங்கி 16 சதவீதம் போடுவதாக வைத்துக்கொண்டால், மாதம் 7,000 வீதம் நீங்கள் கட்டும் 84,000-இல் அசல் சுமார் 77,150, வட்டி சுமார் 6,850. கிரெடிட் கார்டு இஎம்ஐ என்றால், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,233 ரூபாய் உங்கள் தலையில் தனியாக விழும். பிராசஸிங் கட்டணம் வேறு. இதெல்லாம் சேர்ந்தாலும் பெரிய தொகை இல்லைதான். ஆனால் மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று அதே கடையில் கேட்டுப் பாருங்கள். 77,000 பக்கம் இறங்கி வந்தால், அந்த வித்தியாசம்தான் உங்கள் உண்மையான வட்டி.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. செலவும் எஸ்ஐபி-யும் போக மாதம் உங்களிடம் மிஞ்சுவது 9,000. அதில் 7,000 ஒரு வருடத்துக்குக் கட்டுண்டுவிடும். ஆறு மாதச் செலவு அவசர நிதியாக இருக்க வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை 3.84 லட்சம், இருப்பதோ 1.6 லட்சம். அந்த எஃப்டி உபரிப் பணம் இல்லை, பாதிகூட நிரம்பாத அவசர நிதி. இடையில் உடைத்தால் பல வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் வட்டியைக் குறைத்துத் தரும். நாளைக்கு மருத்துவச் செலவு வந்தால்கூட உடைப்பதற்கு முன் எஃப்டி மீது கடன் கேளுங்கள். எஃப்டி வட்டியை விட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும், கிரெடிட் கார்டை விட எவ்வளவோ மேல்.

சரி, செய்தால் எவ்வளவு? மேல்பலகை 800-க்கு 600 மி.மீ., உடல் 700-க்கு 500, உயரம் சக்கரத்தோடு ஏறத்தாழ 900 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. பிளை ஒன்றரை ஷீட் போதும். முழு ஷீட்டை நீளவாக்கில் 500 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டையாக அறுத்தால் 217 மி.மீ. பட்டை ஒன்று மிஞ்சும். முதல் பட்டையில் பக்கப் பலகை 760 இரண்டு, நடுத் தடுப்பு 724 ஒன்று. இரண்டாவதில் இன்னொரு தடுப்பு, அடிப்பலகை 664, ரவுட்டர் அறைக்குள் வரும் தட்டு 340. மீதித் துண்டில் கதவு. 217 பட்டையில் மேலே முன்னும் பின்னும் வரும் 664-க்கு 80 குறுக்குச் சட்டம் இரண்டும், ஆறு டிராயர் முகப்பும் வந்துவிடும். அரை ஷீட்டில் மேல்பலகை இரண்டு அடுக்கு. பக்கத்தில் மிஞ்சும் 400 மி.மீ. பட்டை, மரத்தை ஒட்டித் தள்ளுவதற்கான ஃபென்ஸுக்கு (தடுப்புச் சட்டம்). பின்பலகைக்கும் டிராயர்களுக்கும் 12 மி.மீ. பிளை அரை ஷீட். நடு அறையை 340 மி.மீ.க்குக் கீழே குறைக்காதீர்கள், ரவுட்டரின் கைப்பிடி இடிக்கும். இருபுறமும் 144 மி.மீ. அறைகள், டிராயர் ஓடும் சேனலுக்கு 26 மி.மீ. விட்டு, டிராயரின் வெளி அகலம் 118.

பட்ஜெட்டாக இப்படி ஒதுக்குங்கள். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மெரைன் பிளை 48 சதுர அடிக்கு 5,500, 12 மி.மீ. 16 சதுர அடிக்கு 1,400; மைக்கா 1,400; பிரேக் உள்ள 75 மி.மீ. சக்கரம் நான்கு 1,500. 18 இஞ்ச் டெலஸ்கோப்பிக் சேனல் ஆறு ஜோடி 1,800. மேல்பலகையில் பதித்து ரவுட்டரைத் தாங்கும் அலுமினிய இன்சர்ட் பிளேட் 5,000. ஃபென்ஸைப் பொருத்தவும் மரத்தை நேராகத் தள்ளவும் டி-ட்ராக்கும் மைட்டர் ட்ராக்கும் (அலுமினியப் பள்ளச் சட்டங்கள்) 2,000. என்விஆர் என்ற பாதுகாப்பு சுவிட்ச் 2,000. ஃபெவிகால், ஸ்க்ரூ, தூசிக் குழாய் 2,000. அறுப்புக் கூலி, வண்டி வாடகை 1,800. கூட்டினால் 24,400. கைத்தவறுக்கு 2,600 சேர்த்து 27,000. விலை கடைக்குக் கடை மாறும். பாரிமுனையில் இரண்டு கடையாவது ஏறி இறங்குங்கள், ஜிஎஸ்டி சேர்த்த விலையா என்று கேட்டு ஒப்பிடுங்கள். சில கடைகளில் அரை ஷீட் தர மாட்டார்கள். அப்போது வெட்டுமிச்சம் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் வேலை முடியும்.

இதில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் மூன்று. முதலாவது மேல்பலகை. ஐந்து, ஆறு கிலோ ரவுட்டரை ஒற்றை 18 மி.மீ. பலகையில் தொங்கவிட்டால் சில மாதங்களில் நடுவில் தொய்யும். அரை மி.மீ. தொய்ந்தாலே மூட்டுகள் சேராது. இரண்டு அடுக்கு ஒட்டி, மைக்காவை மேலும் கீழும் ஒட்டுங்கள். மேலே மட்டும் ஒட்டினால், ஐப்பசி ஈரத்தை அடிப்பக்கம் மட்டும் உறிஞ்சிப் பலகை வளைந்துவிடும். பிறகு அடியில் எந்த ஷிம் (மெல்லிய முட்டுத் தகடு) கொடுத்தாலும் காப்பாற்றாது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் மலிவு, சமதளமும் நன்றாக இருக்கும். ஆனால் மேடவாக்கத்தில் மழைத் தண்ணீர் ஷெட்டுக்குள் வந்தால் ஒரே இரவில் உப்பிவிடும்.

இரண்டாவது பிளேட். மலிவான மெல்லிய அக்ரிலிக் வளையும். பிளேட் கைக்கு வந்து அளந்த பிறகே குழி வெட்டுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் அளவை நம்பி வெட்டினால் ஒரு மி.மீ. ஆட்டம் நிச்சயம். ஒவ்வொரு மூலையிலும் உயரம் திருத்தும் திருகு இருக்க வேண்டும், பிளேட் விளிம்பு தட்டினால் மரம் அங்கேயே சிக்கும்.

மூன்றாவது என்விஆர் சுவிட்ச். நம் ஊரில் கரண்ட் போய்த் திரும்பும்போது சாதா சுவிட்சில் ரவுட்டர் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், உங்கள் விரல் அப்போது பிட் பக்கத்தில் இருக்கலாம். இந்தச் சுவிட்ச், நீங்கள் மறுபடி அழுத்தும் வரை ஓட விடாது. 1,800 வாட்டுக்கு 8 ஆம்பியர் அளவில் ஓடும். ஆகவே 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மி.மீ. ஒயர், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. வாக்குவம் கிளீனரை வேறு பாயின்ட்டில் போடுங்கள். எலக்ட்ரீஷியன் செலவு மேலே சொன்ன 27,000-இல் இல்லை.

செய்பவர்கள் அடிக்கடி கோட்டைவிடுவது காற்றோட்டம். அறையை அழகாக மூடி, கதவில் துவாரம் விடாமல் போனால் மோட்டார் தன் சூட்டையும் தூசியையும் தானே இழுத்து, கார்பன் பிரஷ் சீக்கிரம் தேயும். கதவின் கீழ்ப்பகுதியில் துவாரங்கள், பின்பலகையில் உறிஞ்சு குழாய், ஃபென்ஸுக்குப் பின்னால் இன்னொன்று. சக்கரங்களை மர ஸ்க்ரூ போட்டு நிறுத்தாதீர்கள். போல்ட், நட்டு, வாஷர். 50 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள பிட்டை வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். உங்கள் ரவுட்டரில் வேகக் கட்டுப்பாடு இல்லையென்றால் பேனல் கதவு பிட் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ளுங்கள், பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் ஒருபோதும் நுழைக்காதீர்கள்.

மாதம் மிஞ்சும் 9,000-இல் 3,000-த்தை அவசர நிதிக்காக ஆர்டி-யில் (தொடர் வைப்பு) போட்டு, 6,000-த்தை இதற்கு வையுங்கள். ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். முதல் மாதம் பிளேட், ஏனென்றால் எல்லா அளவும் அதைப் பொறுத்தது. அடுத்து சுவிட்ச், ட்ராக், சேனல். பிளையை வேலை தொடங்கும் வாரத்தில் மட்டும் வாங்குங்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் சாய்த்து வைத்தால் வளையும். அக்டோபர் பிறப்பதற்குள் மைக்கா, விளிம்பு வார்னிஷ் எல்லாம் முடியும்படி கணக்கு வையுங்கள்.

இனி ஆர்டர் கனவு. ஒரு ஃப்ரேமை 1,500-க்கு விற்று, மரம், கண்ணாடி, பாலிஷ், தேய்மானம் போக 600 நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 84,000 எடுக்க 140 ஃப்ரேம். வாரத்துக்கு ஒன்று என்றால் இரண்டே முக்கால் வருடம். 27,000 என்றால் 45 ஃப்ரேம், ஒரு வருடத்துக்குள் கையைக் கடிக்காமல் திரும்பிவிடும். உங்கள் உழைப்புக்கு இதில் ஒரு பைசாகூட நான் போடவில்லை. விற்பனைக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், பில் எல்லாம் எடுத்து வையுங்கள். இந்த வருமானத்தையும் சம்பளத்தோடு வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

லிஃப்ட் ஆசையை ஆர்டர் பணத்துக்கு விட்டுவையுங்கள். நல்ல லிஃப்டைப் பின்னால் விற்றாலும் ஓரளவு விலை கிடைக்கும்; கேபினெட்டுக்கு அப்படி யாரும் தர மாட்டார்கள். அதுவரை கார் ஜாக்கி ஒன்றை அடியில் வைத்து உயரம் ஏற்றி இறக்கலாம். ஒன்று மட்டும் இப்போதே பாருங்கள்: நீங்கள் கண் வைத்திருக்கும் லிஃப்ட் எந்த அளவு பிளேட்டோடு வருகிறதோ, அதே அளவு பிளேட்டை வாங்குங்கள். மேல்பலகையில் குழியை இரண்டாம் முறை வெட்ட வேண்டியிருக்காது.