வேலைக்குப் போகாதவருக்கு எதற்கு சோஷியல் நம்பர்?

ஐயா, வணக்கம். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 68, பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு, மகன் ஸ்பான்சர் செய்து நீங்களும் அம்மாவும் கிரீன் கார்டில் அமெரிக்காவுக்கு, நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்து ஒரு மாதம். "இனிமேல் வேலைக்கா போகப் போகிறேன், எனக்கு எதற்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர்? வாங்கினால் ஊர் பென்ஷனுக்கு இங்கே வரி கேட்பார்கள் என்று மகனின் நண்பர் சொல்கிறார். வாங்கினால் மாதா மாதம் பணம் வரும் என்று கோயிலில் ஒருவர் சொல்கிறார். எது நிஜம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கையெழுத்தைத் தமிழில் போடலாமா என்றும்.

அவர்கள் சொன்னது இரண்டுமே நிஜமில்லை. ஆனாலும் அமெரிக்க அரசு ஆளுக்கு ஒன்றாகத் தரும் அந்த எண்ணை வாங்கிவிடுங்கள். அம்மாவுக்கும் தனியாக ஒன்று.

முதலில் வரி. உங்களை வரிக் கணக்குக்குள் கொண்டுவந்தது நம்பர் இல்லை, கிரீன் கார்டு. அதோடு இறங்கிய நாளிலிருந்தே அமெரிக்கச் சட்டப்படி நீங்கள் இந்த நாட்டு வரிவாசி. தமிழ்நாட்டுப் பென்ஷன், கூட்டுறவு வங்கி எஃப்.டி. வட்டி, வீட்டு வாடகை எல்லாமே இங்கே காட்ட வேண்டிய வருமானம்தான். நம்பர் வாங்காமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பது, பத்திரம் பதிவான பிறகு பட்டா மாற்றாமல் வைத்துக்கொண்டு "சொத்து என் பெயரில் இல்லை" என்று சொல்வது போல. இது எப்படி முடியும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்!

காட்ட வேண்டும் என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம். 2025 வருமானத்துக்கு, 65 வயது தாண்டிய கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் வழக்கமான கழிவு 31,500 டாலர், வயதுக்காக 3,200, அதற்கு மேல் மூத்தவர்களுக்கென்று 2025 முதல் 2028 வரை புதிதாக வந்த கழிவு ஆளுக்கு 6,000. மொத்தம் 46,700. எழுத்தர் பென்ஷன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. இதில் ஒரு வேடிக்கை, அந்த 6,000 டாலர் கழிவு சோஷியல் நம்பர் இருந்தால்தான் கிடைக்கும். வரிக்குப் பயந்து நம்பர் வாங்காதவருக்குத்தான் அது கிடைக்காமல் போகும். நீங்கள் வந்த வருடத்துக் கணக்கு மட்டும் கொஞ்சம் சிக்கல், பாதி வருடம் அங்கே பாதி இங்கே என்று. நீங்கள் இருவரும் சேர்ந்து தாக்கல் செய்வதா, வருமானம் இல்லாத அம்மாவைத் தன்னைச் சார்ந்தவர் என்று காட்டி மகன் தன் வரியில் 500 டாலர் கழித்துக்கொள்வதா என்பதையும் ஒரு சி.பி.ஏ., அதாவது இந்த ஊர் ஆடிட்டர், பேனாவை எடுத்தால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். இரண்டுக்கும் எண் வேண்டும்.

வரியைவிட நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. வெளிநாட்டில் உள்ள எல்லாக் கணக்குகளையும் கூட்டி, வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், அதாவது சுமார் ஒன்பது லட்சம் ரூபாய், அந்தக் கணக்குகளை அரசுக்கு அறிவிக்கும் எஃப்பார் என்ற படிவம் கொடுக்க வேண்டும். அதில் வரி ஒரு பைசா கிடையாது, கொடுக்காமல் விட்டால் அபராதம் கடுமை. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தை எஃப்.டி.யில் போட்டிருப்பீர்களே, அதை மகனிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடம்கூடச் சொல்லாத எஃப்.டி. நம் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றாவது இருக்கும்.

அடுத்து, கோயிலில் கேட்ட மாதப் பணம். அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. 1996 ஆகஸ்ட் 22-க்கு முன்னால் இங்கே வந்த வயதான பெற்றோர் பலர் எஸ்.எஸ்.ஐ. என்ற உதவித்தொகை வாங்கினார்கள். அந்தத் தேதியில் சட்டம் மாறியது. இப்போது கிரீன் கார்டு மட்டும் உள்ளவருக்கு 40 காலாண்டு, அதாவது பத்து வருட வேலைக் கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் குடியுரிமை வேண்டும். போதாததற்கு உங்களை ஸ்பான்சர் செய்தபோது மகன் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்று இருக்கிறது, உங்கள் செலவுக்கு நான் பொறுப்பு என்று. பழைய ஆட்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இங்கத்திய சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கும் அதே 40 காலாண்டுக் கணக்குதான். ஊரில் முப்பது வருடம் உழைத்ததை இங்கே சேர்க்க முடியாது, இந்தியாவோடு அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. மகன் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்வதும் கணக்கில் வராது, உடம்பு எவ்வளவு வலித்தாலும்!

பணமும் வராது, வரியும் அதனால் இல்லை என்றால் எதற்கு அந்த எண்? இங்கேதான் என் அப்பா கதை.

2012-இல் அப்பா வந்தபோது விசா விண்ணப்பத்தில் "சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டுமா" என்று ஒரு கேள்வி இருந்தது. நான்தான் பூர்த்தி செய்தேன். அப்பாவுக்கு எதற்கு என்று "வேண்டாம்" போட்டேன். ஆம் என்று போட்டிருந்தால் கார்டு தானாக வீட்டுக்கு வந்திருக்கும். அப்பா பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், அதனால் விசாவில் முன்பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ" என்று அடித்துக் கொடுத்திருந்தார்கள், முன்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். மறு வருடம் இங்கே ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நர்ஸ் வந்து "மிஸ்டர் ஃப்னூ?" என்று கூப்பிடுகிறார், அப்பா யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவசரப் பிரிவில் பெயரை இரண்டு தடவை போட்டு ஒரு பதிவு, வார்டில் ஃப்னூ என்று இன்னொரு பதிவு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட ஒரு எண் இல்லை. இன்சூரன்ஸ் ஒரு பதிவுக்குப் பணம் கொடுத்தது, மற்றதற்கு "இவர் எங்கள் ஆளே இல்லை" என்றது. எட்டு மாதம் ஃபோனில் கழிந்தது. அப்பாவை நானே இந்த நாட்டில் எண் இல்லாத ஆளாக ஆக்கிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது.

வங்கியில் உங்கள் பெயரில் கணக்கு, மாநிலம் தரும் ரியல் ஐடி அடையாள அட்டை என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். இன்சூரன்ஸ் விண்ணப்பத்திலும் கேட்பார்கள். இன்சூரன்ஸைத் தள்ளிப்போடாதீர்கள்: நாட்டுக்குள் வந்த 60 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசுக் காப்பீட்டுச் சந்தையில் பாலிசி எடுக்கலாம், விட்டால் வருடக் கடைசிவரை காத்திருக்க வேண்டிவரும். உங்களுக்கு ஏற்கனவே முப்பது நாள் போய்விட்டது. அப்புறம், ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்தால், முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை விலைக்கு வாங்கலாம். மலிவில்லை, 2025 கணக்கில் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ மாதம் 518 டாலர், டாக்டர் செலவுக்கான பார்ட் பி 185. அந்தத் தகுதி வரும்போது சேராமல் தாமதித்தால் பார்ட் பி-க்கு ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் பத்து சதவீதம் கூடிவிடும். அதில் சேர்ப்பதும் இதே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம்தான்.

வாங்குவது எளிது, இலவசம். இடையில் யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விசா விண்ணப்பத்தில் என்ன போட்டது என்று முதலில் மகனிடம் கேளுங்கள், ஒருவேளை கார்டு தபாலில் வந்துகொண்டிருக்கலாம். இல்லையென்றால் எஸ்.எஸ்.-5 என்ற படிவம், பாஸ்போர்ட், கிரீன் கார்டு. கார்டு இன்னும் வரவில்லை என்றால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த விசாவே போதும். முன்பதிவு செய்துகொண்டு இருவரும் நேரில் போக வேண்டும், மகன் மட்டும் போய் வாங்கிவர முடியாது. இனிஷியலை எங்கே விரித்து எழுதினார்கள், எது முன்பெயர் எது கடைசிப் பெயர் என்பதைக் கிரீன் கார்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் எழுதுங்கள். உங்களுக்கு இது பழக்கப்பட்ட வேலைதான்.

கார்டைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். புகைப்படம் கிடையாது, வெறும் காகிதம், அதில் ஒன்பது இலக்கம். பிறகு ஒருவழியாக வாங்கியபோது அப்பா அதை லேமினேட் செய்யப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். செய்யக் கூடாது, அலுவலகமே வேண்டாம் என்று சொல்கிறது. ஆதார் மாதிரி பத்து ஜெராக்ஸ் எடுத்து வழியில் பார்ப்பவருக்கெல்லாம் கொடுக்கவும் கூடாது. பர்ஸில் வேண்டாம், பீரோவில் வையுங்கள்.

ஏனென்றால் ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அப்பா ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து "ஃபோர்... செவன்..." என்று வாசித்துக்கொண்டிருந்தார். உங்கள் சோஷியல் எண் சஸ்பெண்ட் ஆகிவிட்டது, சரிபார்க்காவிட்டால் போலீஸ் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறான். அரசாங்கம் என்றதும் முதுகை நிமிர்த்திப் பதில் சொல்லும் தலைமுறை. சோஷியல் எண் சஸ்பெண்ட் ஆவது என்று ஒன்று கிடையாது, அந்த அலுவலகம் ஃபோனில் கைது மிரட்டலும் விடாது. நம்பர் கைக்கு வந்ததும் மகனிடம் சொல்லி ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் பதிவு நிறுவனங்களிலும் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்யச் சொல்லுங்கள். 2018 முதல் அதற்குக் கட்டணம் இல்லை. நீங்கள் கடன் வாங்கப் போவதில்லை, உங்கள் பெயரில் வேறு யாரும் வாங்காமல் இருக்கட்டும்.

சரி, கையெழுத்து. அப்பா எஸ்.எஸ்.-5 படிவத்திலும் கார்டிலும் தமிழில்தான் போட்டார், ரிஜிஸ்டரில் போடுகிற மாதிரி கீழே ஒரு கோடும் இழுத்து. கவுண்டரில் இருந்த அம்மாள் படிவத்தில் போட்டதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், "அழகாக இருக்கிறது" என்றார், முத்திரை குத்திவிட்டார்.